ஏர் கன் ஆறு மாதம் தாண்ட என்ன வழி?

வேலை அவசரத்தில் இருக்கும்போதுதான் ஏர் கன் மக்கர் பண்ணும். கறுப்பு வண்டி. செராமிக் கோட்டிங் போட பேனல் சொட்டு ஈரமில்லாமல் இருக்க வேண்டிய நேரம். சைடு மிரரின் இடுக்கிலிருந்து ஒரு சொட்டு இறங்கிக் கதவில் கோடு இழுக்கிறது. பையன் ஓடிவந்து கன்னை அழுத்துகிறான். காற்று வருகிறது. விரலை எடுத்த பிறகும் வந்துகொண்டே இருக்கிறது. "அண்ணே, லீவர் திரும்ப மாட்டேங்குது" என்கிறான். அந்தக் கன் வாங்கி அப்போது ஏழு வாரம்கூட ஆகவில்லை.

டீட்டெய்லிங் தொழிலில் முதல் வருடம் நான் வாங்கிய கன்கள் ஏழு. ஒவ்வொன்றும் இருநூறு, இருநூற்றைம்பது ரூபாய். ஏழையும் கூட்டினால் வந்த தொகைக்கு ஒரு நல்ல கன் வாங்கியிருக்கலாம் என்பது எட்டாவதாக அதை வாங்கியபோதுதான் உறைத்தது. அது நாலாவது வருடமாக ஓடுகிறது. நடுவில் இரண்டு முறை ஓ-ரிங்கும் வாஷரும் மாற்றினேன், அவ்வளவுதான். அதற்காக விலை கூடினால் ஆயுளும் கூடும் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். விலை உயர்ந்த கன் ஒன்றை மூன்றே மாதத்தில் கெடுத்த பெருமையும் எனக்கு உண்டு. அதை எப்படிக் கெடுத்தேன் என்று பிறகு சொல்கிறேன்.

கன் எதற்கு என்பதில் முதலில் தெளிவு வேண்டும். வாட்டர் வாஷ் கடையில் அது தூசி ஊதும் குழாய். டீட்டெய்லிங்கில் அது உலர்த்தும் கருவி. மிரர், கதவுக் கைப்பிடி, எம்பளம், பெட்ரோல் மூடி, வீல் நட் குழி, ஹெட்லைட் ஓரம் என்று துணி நுழையாத இடத்துத் தண்ணீரை எல்லாம் வெளியே தள்ள வேண்டும். உள்ளே வந்தால் ஏசி வென்ட், சீட் ரெயில், தையல் மடிப்பு. ஒரு வண்டிக்கு நூறு முறையாவது லீவரை அழுத்துகிறோம். ஒரு நாளைக்கு ஐந்து வண்டி, மாதம் 26 நாள் என்று வையுங்கள். மாதத்துக்கு 13,000 அழுத்தல். வருடத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். எந்தக் கன்னும் முதலில் சாவது லீவரிலும் அதன் பின்னால் இருக்கும் வால்விலும்தான்.

முதலில் கம்ப்ரஸர் என்ன தருகிறது?

கடைக்காரர் கன்னைக் காட்டுவதற்கு முன்னால் நீங்கள் அவரிடம் சொல்ல வேண்டிய எண் ஒன்று இருக்கிறது: உங்கள் கம்ப்ரஸர் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று தருகிறது. அதைத்தான் சிஎஃப்எம் என்கிறோம். பலரும் அழுத்தத்தைச் சொல்லும் பிஎஸ்ஐயை மட்டும் பார்த்து ஏமாறுகிறார்கள். 120 பிஎஸ்ஐ காட்டும் மீட்டர், கன்னை அழுத்திய மறு நிமிடம் 60க்கு இறங்கினால் அந்த 120ஆல் என்ன பயன்?

2 ஹெச்பி பிஸ்டன் கம்ப்ரஸரின் தகட்டில் 7 அல்லது 8 சிஎஃப்எம் என்று பொறித்திருப்பார்கள். பெரும்பாலும் அது பிஸ்டன் இடம்பெயர்க்கும் கொள்ளளவு. உங்கள் ஓஸ் வழியாக நிஜமாக வந்து சேருவது அதில் அறுபது, எழுபது சதவீதம்தான். 5 சிஎஃப்எம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் வம்பில்லை.

இப்போது நாசில் பக்கம் வாருங்கள். 6 பார் அழுத்தத்தில், அதாவது 87 பிஎஸ்ஐயில், 2 மி.மீ துளை ஏறக்குறைய 8 சிஎஃப்எம் குடிக்கும். 3 மி.மீ துளை 18 சிஎஃப்எம் வரை போகும். ஒரு மில்லிமீட்டர்தானே கூடியது என்று தோன்றும். ஆனால் துளையின் பரப்பு இரண்டேகால் மடங்காகிவிட்டது. 100 லிட்டர் டேங்க் வைத்த 2 ஹெச்பி கம்ப்ரஸரில் 3 மி.மீ நாசிலை மாட்டி அழுத்திப் பிடித்தால் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் காற்று தொய்ந்துவிடும். பிறகு பையன் லீவரை இன்னும் இறுக்கி அழுத்துவான். லீவரைத் தாங்கும் பின் (ஊசி) வளைவது அப்போதுதான். குற்றம் கன் மேல் விழும்.

ஆகவே சின்னக் கடைக்கு 2 மி.மீ போதும். 5 ஹெச்பியும் பெரிய டேங்க்கும் இருந்தால் 3 மி.மீ வாங்கலாம். முனையைச் சுற்றியுள்ள காற்றையும் சேர்த்து இழுத்துத் தள்ளும் நாசில்களும் உண்டு. குறைந்த காற்றில் அதிகம் ஊதும், சத்தமும் அடங்கியிருக்கும். பட்ஜெட் இடம் கொடுத்தால் கன்னை எளிமையாக வாங்கி, மிச்சப் பணத்தை இந்த நாசிலில் போடுங்கள் என்பேன்.

கடையில் கையில் எடுத்ததும்

சென்னையில் இருப்பவர் என்றால் பாரிமுனை செம்புதாஸ் தெருப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். குழாய், ஃபிட்டிங், நியூமேட்டிக் சாமான் எல்லாம் அங்கே கையில் தொட்டுப் பார்த்து வாங்கலாம். கோவைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கம்ப்ரஸர் செய்யும் எல்ஜியும் நியூமேட்டிக் சாமான் செய்யும் ஜனாடிக்ஸும் அந்த ஊர்க் கம்பெனிகள். காற்று சம்பந்தப்பட்ட எந்தக் கேள்விக்கும் அங்கே நாலு பேர் பதில் சொல்வார்கள். ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்குவதில் எனக்கு இன்றும் நம்பிக்கையில்லை. கன்னை விரல்தான் சோதிக்க வேண்டும்.

லீவரை மெதுவாக அழுத்துங்கள். கொஞ்சம் அழுத்தினால் கொஞ்சம், நன்றாக அழுத்தினால் முழுதாக என்று படிப்படியாகக் காற்று வர வேண்டும். 'டப்'பென்று முழுக் காற்றும் திறக்கிற கன், ஸ்பீக்கர் வலைக்குப் பக்கத்தில் உங்களைக் காட்டிக் கொடுக்கும். அடுத்து லீவரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். புதிதிலேயே கடகடவென்று ஆடினால் பின் துளை பெரிதாக இருக்கிறது என்று பொருள். நாலு மாதத்தில் இன்னும் அகலும். பின் எஃகாக இருக்கட்டும்.

பிறகு கன்னைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். வால்வு இருக்கும் இடத்தில் ஸ்பேனர் பிடிக்கிற மாதிரி ஆறுமுக நட்டு இருக்கிறதா? இருந்தால் அதைக் கழற்றி, உள்ளே ஸ்பிரிங், வாஷர், ஓ-ரிங் எல்லாம் மாற்றலாம். இல்லாமல் உடம்பு முழுக்க அழுத்தி ஒட்டிய ஒரே பிளாஸ்டிக்காக இருந்தால், கெட்ட அன்றே அது குப்பை. "அண்ணாச்சி, இதுக்கு ரிப்பேர் கிட் தனியா வருமா?" என்று கேளுங்கள். "அதெல்லாம் வராது சார், புதுசே வாங்கிக்கலாம்" என்றால் கன்னை மேஜை மேல் வைத்துவிட்டு நகருங்கள். நான் தேர்வு செய்யும்போது பார்க்கிற முதல் தகுதி இதுதான். பிராண்டு எல்லாம் இதற்குப் பிறகு.

உடம்பு எதில் செய்தது என்பதில் ஆளுக்கொரு கட்சி. அலுமினிய வார்ப்பு உறுதியானது, ஆனால் டீட்டெய்லிங் கடையில் அதற்கு ஓர் எதிரி உண்டு. நாம் பயன்படுத்தும் ஏபிசி, அதாவது ஆல் பர்பஸ் கிளீனர், காரத்தன்மை கொண்டது. வீல் கிளீனர்களில் பல அமிலம். இரண்டும் அலுமினியத்தை அரிக்கும். ஈரக் கையோடு கன்னைப் பிடித்துப் பிடித்து மேல்பூச்சு போன இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். நல்ல கண்ணாடி இழை கலந்த நைலான் உடம்பு இந்த விஷயத்தில் தேவலை. கையில் லேசு, கை தவறி பானெட் மேல் பட்டாலும் அடி குறைவு. ஆனால் மரை மட்டும் பித்தளையாக, உள்ளே பதித்ததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கிலேயே மரை வெட்டிய கன்னை யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

ஓ-ரிங் விஷயமும் அப்படித்தான். சாதாரணமாக வருவது நைட்ரைல் ரப்பர். கம்ப்ரஸர் ஆயிலுக்கு அது தாங்கும். கெமிக்கலும் சேர்ந்து படும் இடத்தில் விட்டான் என்கிற வகை நின்று உழைக்கும். விலை கூடுதல்தான், ஆனால் ஓ-ரிங் என்பது சட்டைப் பொத்தான் அளவுச் சாமான், அதில் மிச்சம் பிடித்து என்ன செய்யப்போகிறோம்?

மரையில் ஒரு சூட்சுமம்

வெளிநாட்டுக் கன் ஒன்றை ஆசைப்பட்டு வரவழைத்தேன். கால் இஞ்ச் மரை என்றுதான் போட்டிருந்தது. என் கப்ளரும் கால் இஞ்ச். இரண்டு, மூன்று சுற்று அழகாக ஏறியது, பிறகு இறுகி நின்றுவிட்டது. டெஃப்ளான் டேப்பை இன்னும் நாலு சுற்று சுற்றி, ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். நன்றாக உட்கார்ந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மறுநாளிலிருந்து 'உஸ்' சத்தம்.

விஷயம் இதுதான். நம் ஊரில் சாதாரணமாகப் புழங்குவது பிஎஸ்பி மரை. கால் இஞ்சில் ஓர் இஞ்சுக்கு 19 மரை, மரையின் கோணம் 55 டிகிரி. அமெரிக்கச் சரக்கில் வருவது என்பிடி. அதே கால் இஞ்சில் 18 மரை, 60 டிகிரி. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஒன்றில் ஒன்றை வலுக்கட்டாயமாக ஏற்றினால் மென்மையான பக்கம் மரை சிதையும். வாங்கும்போதே "பிஎஸ்பியா, என்பிடியா?" என்று கேட்டால் தீர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் அளவுக் கசிவே 2 சிஎஃப்எம்முக்கு மேல் தின்னும். உங்கள் 2 ஹெச்பி கம்ப்ரஸர் தரும் 5இல் அது பாதிக்குக் கொஞ்சம் குறைவு. கரண்ட் பில் ஏன் ஏறுகிறது என்று வீட்டு ஏசியைச் சந்தேகிப்பதற்கு முன், கன்னை ஒரு வாளித் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

ஓஸிலும் ஒரு வார்த்தை. 8 மி.மீ பியு (பாலியூரித்தேன்) ஓஸ் என்று வாங்கினால் அது வெளி அளவு. உள்ளே 5 மி.மீதான் இருக்கும். பத்து மீட்டர் நீளத்துக்கு அது கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல. வெளியே 12, உள்ளே 8 என்று கேட்டு வாங்குங்கள். சுருள் ஓஸ் பார்க்க ஒழுங்காக இருக்கும், ஆனால் இழுத்து விட்டால் துள்ளிப் போய் ஃபெண்டரில் உரசும். டீட்டெய்லிங் செய்யும் வண்டிக்குப் பக்கத்தில் அதற்கு வேலையில்லை.

முனையில் ரப்பர்

இரும்பு நாசில் பெயின்ட்டைத் தொட்டால் நீங்கள் நாள் முழுக்கச் செய்த பாலிஷ் ஒரு கீறலில் போச்சு. ரப்பர் முனை வைத்தது வாங்குங்கள், அல்லது நாசில் மேல் பொருந்துகிற பியு குழாய்த் துண்டு ஒன்றை முனைக்கு வெளியே ஐந்து மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி சொருகிவிடுங்கள். ஆனால் நாசிலின் பக்கவாட்டில் சின்னத் துளைகள் இருந்தால் அவற்றை மூடாதீர்கள். முனை எதிலாவது அடைபட்டாலும் காற்று வெளியேற அவை வழி. அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு விதிப்படி, சுத்தம் செய்யக் காற்றைப் பயன்படுத்தும்போது முனை அடைபட்டால் அங்கே அழுத்தம் 30 பிஎஸ்ஐக்குக் கீழே இருக்க வேண்டும்; தெறிப்புத் தடுப்பும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். அந்தத் துளைகள் நாசிலில் வந்தது இதற்காகத்தான். தோலோடு ஒட்டி ஊதினால் காற்று உடம்புக்குள்ளேயே புகும்.

சக ஊழியர் மேல் விளையாட்டுக்குக் காற்று அடித்து உயிர் போன செய்திகள் நம் நாட்டுப் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. என் கடையில் சட்டைத் தூசியைக் கன்னால் ஊதிக்கொள்வதற்குக்கூடத் தடை. முதல் நாள் சொல்வேன், இரண்டாம் முறை சொல்ல மாட்டேன்.

காதையும் விட்டுவிடாதீர்கள். திறந்த குழாய் போன்ற மலிவு நாசில் 90 டெசிபெலைச் சுலபமாகத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் வரை என்பது அமெரிக்க ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபெல்லுக்கும் நேரம் பாதியாகும். அந்தக் கணக்கில் 94 டெசிபெல் என்றால் ஒரு மணி நேரம்தான். ஊதக் கூடாத இடங்களும் உண்டு. பிரேக் டிரம்மைக் காற்றால் ஊதக் கூடாது. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. ஏசி கண்டென்சரின் மெல்லிய தகடுகளைக் கிட்டே வைத்து ஊதினால் மடங்கிவிடும்.

நுரையும் காற்றும் சுழற்றி அடிக்கும் டார்னடார் வகைக் கன் வேறு ஜாதி. உள்ளே சுழலும் சின்னக் குழாய் கூம்பில் உரசி உரசித் தேயும். அது உதிரியாகக் கிடைக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். வேலை முடிந்ததும் டப்பாவில் வெறும் தண்ணீர் ஊற்றி ஒரு நிமிடம் அடியுங்கள். அதைச் சாதாரண கன்னாக வைத்து வீல் நட்டு உலர்த்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெண்ணெய்க் கத்தியால் தேங்காய் உடைப்பது அது.

என் விலை உயர்ந்த கன் செத்த கதை

மூன்றே மாதத்தில் ஒரு நல்ல கன்னைக் கெடுத்தேன் என்றேனே. கழற்றிப் பார்த்தால் ஸ்பிரிங்கில் துரு, வால்வு இருக்கையில் பழுப்புச் சகதி. கன் மேல் எந்தக் குற்றமும் இல்லை. என் கம்ப்ரஸர் அதற்குத் தண்ணீர் ஊட்டி வளர்த்திருக்கிறது.

சென்னைக் காற்றின் கணக்கைப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் முழு ஈரக் காற்று ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் தண்ணீரைச் சுமக்கும். ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் 23 கிராம். அதை 8 பாருக்கு அழுத்தினால் கன அளவு ஒன்பதில் ஒன்றாகச் சுருங்கும். ஆறியபின் அதனால் மூன்றரை கிராமுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. மீதி 19 கிராமும் தண்ணீராக இறங்கும். 5 சிஎஃப்எம் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடினால் 160 மில்லி, ஒரு டீ டம்ளருக்கு மேலேயே. அது டேங்க்கிலும் லைனிலும் கடைசியில் உங்கள் கன்னிலும் தங்குகிறது.

ஃபில்டர் போட்டிருந்தேனே என்று அன்று புலம்பினேன். போட்ட இடம் தப்பு. கம்ப்ரஸரை ஒட்டி மாட்டியிருந்தேன். அங்கே காற்று சூடு, தண்ணீர் ஆவியாகவே ஃபில்டரைத் தாண்டிப் போகும். குழாயில் ஓடி ஆறிய பிறகு, கன்னுக்குப் பக்கத்தில் எஃப்ஆர்எல் யூனிட்டை, அதாவது ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர் சேர்ந்த தொகுப்பை, மாட்ட வேண்டும். அதிலும் ஆயில் விடும் கிண்ணம் வேண்டாம். இம்பாக்ட் ரெஞ்சுக்கு அது வேண்டும், பெயின்ட்டைத் தொடும் காற்றுக்கு அது விஷம். மேலே ஓடும் லைனிலிருந்து கிளை எடுக்கும்போது குழாயின் மேல்பக்கத்தில் எடுத்து வளைத்து இறக்குங்கள். அடியில் எடுத்தால் தேங்கிய தண்ணீர் நேராக உங்கள் ஓஸுக்கு வரும்.

சோதிப்பது சுலபம். சுத்தமாகத் துடைத்த கண்ணாடித் துண்டு ஒன்றில் அரை நிமிடம் ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பனித்துளி போலப் புள்ளி தெரிந்தால் தண்ணீர். விரலால் தேய்த்தால் வானவில் போல இழுபட்டால் ஆயில். ஆயில் படிந்த பேனலில் செராமிக் கோட்டிங் பிடிக்காது. பிறகு கன்னை மாற்றினாலும் வாடிக்கையாளரை மாற்ற முடியாது. லீவர் இறுகுகிறது என்று சிலிக்கோன் ஸ்பிரே அடிப்பவர்களும் உண்டு. பெயின்ட் வேலை நடக்கும் கூரைக்குக் கீழே அந்த டப்பாவையே வைக்காதீர்கள்.

வேலைக்குச் சேரும் தம்பிக்கு

தையற்காரர் கத்தரியை இரவல் தர மாட்டார். டீட்டெய்லரும் தன் கன்னை அப்படி வைத்துக்கொள்ளலாம். கடை கன் பொதுச் சொத்து. கீழே போட்டவர் யார் என்று யாருக்கும் தெரியாது. சொந்தமாக ஒன்று வாங்குங்கள், கைப்பிடியில் கலர் டேப் சுற்றுங்கள். முடிந்தால் கடையில் மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வீலுக்கும் இன்ஜினுக்கும் ஒன்று, பெயின்ட்டுக்கு ஒன்று, உள்ளே ஒன்று. வீலில் ஊதிய நாசில் பானெட்டுக்கு வந்தால் இரும்புத் தூளும் கூடவே வரும்.

வேலை கேட்டு வருகிறவர்களிடம் நான் பாலிஷர் பற்றி அதிகம் கேட்பதில்லை. "முந்தைய கடையில் டேங்க் ட்ரெயினை எப்போ திறப்பீங்க?" என்று கேட்பேன். "அது ஓனர் பார்த்துப்பார்" என்பவரிடம் இன்னும் நாலு கேள்வி கேட்பேன். "தினமும் சாயந்திரம், கடை மூடும்போது" என்று ஒருவர் சொன்னார். அன்றே வேலை. இப்போது என் பெயின்ட் பேனல் எல்லாம் அவர் கையில்.

நாளைக் காலை கடை திறந்ததும், மோட்டாரைப் போடுவதற்கு முன் டேங்க் அடியில் இருக்கும் ட்ரெயின் வால்வைத் திறந்து ஒரு டம்ளரைப் பிடியுங்கள். பழுப்புத் தண்ணீர் வந்தால் கன் வாங்கும் பணத்துக்கு முதலில் ஃபில்டர் வாங்குங்கள்.